பட்டம் கொடுத்தீர்கள், தராசு யார் கையில் இருந்தது?

கேள்வி: சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு 62 ஏக்கர் காப்பித் தோட்டம், பெரும்பாலும் அரபிகா. குடியிருப்பது சேலத்தில், வாரம் மூன்று நாள் மேலே போய் வருகிறேன். ஆட்கள் 70 பேர், அதில் 48 பேர் பெண்கள். ஆனால் ரைட்டர் (தோட்டக் கணக்கு எழுதுபவர்), இரண்டு மேஸ்திரிகள், பல்ப்பர் (பழத்தோல் உரிக்கும் மெஷின்) ஓட்டுபவர் எல்லாரும் ஆண்கள். ரைட்டருக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. ஏற்றுமதியாளர் தோட்டத்தின் ஒவ்வொரு பிளாக்குக்கும் (பகுதிக்கும்) வரைபடம், லாட் (சேர்ந்தாற்போல விற்கும் தொகுதி) கணக்கு, ஈரப்பதக் கணக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன சீசனில், எங்கள் லைன் வீட்டிலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) வளர்ந்து பி.காம். முடித்த 23 வயதுப் பெண்ணைச் சூப்பர்வைசர் ஆக்கினேன். நல்ல கை, நாளுக்கு 65 கிலோ பழம் எடுப்பவர். (எங்களிடம் 40 கிலோ அடிப்படை, அதற்கு மேல் கிலோவுக்கு 4 ரூபாய்.) கிலோக் காசுக்குப் பதிலாக நாளுக்கு 75 ரூபாய் படி கொடுத்தேன். எடையும் செக்ரோலும் (வருகை, கூலிப் பதிவேடு) வழக்கம்போல மேஸ்திரி, ரைட்டரிடமே இருந்தன. இவருக்கு மேற்பார்வை மட்டும். மூன்றாவது வாரம், “நான் பழமே பறிச்சுக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டார். “பொம்பளைங்களுக்குக் குடுத்தாலும் வேணாம்பாங்க” என்கிறார் மேஸ்திரி. அடுத்த சீசனுக்குள் நாலைந்து பெண்களைப் பொறுப்புக்குக் கொண்டுவர என்ன வழி? அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிடலாமா?
— தோட்ட உரிமையாளர், சேலம்

பதில்:

மேஸ்திரி சொன்னதை நம்புவதற்கு முன்னால், நீங்களே எழுதியிருக்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ எடுப்பவருக்கு அடிப்படை போக 25 கிலோ. நாளுக்கு 100 ரூபாய் கூடுதலாக வரும். சூப்பர்வைசர் ஆனதும் அது நின்றுபோய் 75 ரூபாய் வந்தது. மாதம் 25 வேலை நாள் என்றால் 625 ரூபாய் நஷ்டம். நேற்று வரை தன்னோடு வரிசையில் நின்றவர்களைவிடக் குறைந்த காசுக்கு, அவர்களிடமே ஏச்சும் வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு அப்புறம் வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கிறீர்கள். பி.காம். படித்தவருக்கு இது புரிய மூன்று வாரம் ஆனதே அதிகம்.

படியைச் சரிசெய்வது எளிது. பழ சீசனில் நிலையான தொகை வைக்காதீர்கள். அந்த கேங்கில் (வேலைக் குழுவில்) அதிகம் பறிக்கும் மூன்று பேருடைய கிலோக் காசின் சராசரியை எடுத்து, அதன்மேல் ஒரு தொகை (50 ரூபாய் என்று தொடங்கலாம்) சேர்த்துக் கொடுங்கள். பழம் இல்லாத மாதங்களுக்கு நிலையான படி போதும். ஒன்று மட்டும் கவனம்: கேங் பறிக்கும் மொத்தக் கிலோவுக்குப் படியைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் காயும் செங்காயும் சாக்குக்குள் வரும். அவரே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

காசைச் சரிசெய்தாலும் பாதிதான் தீரும். காப்பித் தோட்டத்தில் அதிகாரம் மூன்று பொருளில் இருக்கிறது: தராசு, செக்ரோல், ஸ்டோர் சாவி. எடை போடுகிறவர் இன்றைய கூலியைத் தீர்மானிக்கிறார். செக்ரோலில் பேர் போடுகிறவர், ஐந்து நிமிடம் பிந்தியவருக்கு முழு நாளா அரை நாளா என்று தீர்மானிக்கிறார். சாவி வைத்திருப்பவரிடம்தான் சாக்கும் உரமும் மண்வெட்டியும் கேட்டு வாங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் “மேற்பார்வை” என்று ஒருவரை வரிசைக்கு நடுவில் நிறுத்தினால், அவர் உங்கள் சொல்லைச் சுமந்து போகும் தூதுவர்தான். பழம் பறிக்கிறவர்களுக்கு இது முதல் நாளே தெரியும். “இவ சொன்னா என்ன, எடை போடுறது அவருதானே” என்று போய்விடுவார்கள்.

பதவியின் பெயரைப் பிறகு யோசிக்கலாம். எந்தப் பெண்ணிடம் எதை, எப்போது ஒப்படைப்பது என்பதைத் தீர்மானிப்பதுதான் முதல் வேலை.

இதற்கு இப்போது நல்ல நேரம். உங்கள் தொழிலில் நடக்கும் மாற்றங்கள் இதுவரை யாரும் செய்யாத வேலைகளைத் தோட்டத்துக்குள் கொண்டுவருகின்றன. புது வேலைக்குப் பழைய ஆள் கிடையாது. யாரையும் நகர்த்தாமல் ஒரு பெண்ணை அங்கே உட்கார வைக்கலாம்.

ஏற்றுமதியாளர் கேட்கும் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு விதிப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே இறங்கக்கூடாது. எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்று காட்ட வேண்டும். 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேற்பட்ட துண்டென்றால் எல்லை முழுவதையும் புள்ளி புள்ளியாகக் காட்ட வேண்டும். அதற்குள் இருந்தால் ஒரு புள்ளி போதும். நடைமுறைத் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் இந்தியக் காப்பியில் பெரும்பங்கு இத்தாலி, ஜெர்மனி என்று ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அதனால் வாங்குகிறவர்கள் காத்திருப்பதில்லை.

இதை அந்த பி.காம். பெண் ஒரு கைபேசியை வைத்துச் செய்துவிடலாம். பிளாக்கின் எல்லைக் கல்லில் தொடங்கி ஒரே திசையில் நடந்து, திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று புள்ளி எடுக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் தசமப் புள்ளிக்குப் பின் 6 இலக்கம். சில்வர் ஓக் நிழல் அடர்ந்த இடத்தில் புள்ளி பத்திருபது மீட்டர் தள்ளி விழும். அங்கே ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் எதிர்த் திசையில் இன்னொரு சுற்று நடந்து இரண்டு கோட்டையும் ஒப்பிட வேண்டும். பட்டாவில் உள்ள பரப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் நடந்த வழியைச் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. கைபேசி, கணினி, லாட் நோட்டு எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து ஆபீஸிலேயே உட்கார வைத்துவிட்டால், இரண்டு வருடத்தில் அவர் “கம்ப்யூட்டர் பொண்ணு” ஆகிவிடுவார். தோட்டத்தை நடத்துகிற ஆளாக மாட்டார். ரைட்டர் ஓய்வு பெறும்போது நீங்கள் மறுபடியும் வெளியிலிருந்து ஓர் ஆணைத் தேடுவீர்கள். வரைபடம் போடுகிறவரே வாரத்தில் நாலு நாள் ஒரு கேங்கோடு வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டாவது மாற்றம் மழை. பூ மழை ஒரே வீச்சில் வந்தால் பூ ஒரே நாளில் மலரும். எட்டு ஒன்பது மாதத்தில் பழமும் சேர்ந்தாற்போலச் சிவக்கும். காலம் தவறி இரண்டு மூன்று தடவை தூறினால் அத்தனை தடவை பூக்கும். ஒரே கிளையில் பச்சைக் காய், செம்பழம், காய்ந்து கறுத்தது மூன்றும் நிற்கும். முன்பு மூன்று சுற்றில் முடிந்த பறிப்பு ஐந்து ஆறு சுற்று போகும். இன்றைக்கு எந்த பிளாக், எந்த வரிசை, இந்தப் பழத்தை இப்போது எடுக்கலாமா, நாலு நாள் விடலாமா என்ற முடிவுகளை சேலத்திலிருந்து போனில் சொல்ல முடியாது. ரைட்டர் மேசையிலிருந்தும் சொல்ல முடியாது. வரிசையில் நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த மாதிரி விலையில் ஒரு லாட் கெட்டுப்போனால் ஒரு வருடத்துப் படிக் காசு போய்விடும்.

மூன்றாவது மாற்றம் இயந்திரம். இதை யாரும் கவனிப்பதில்லை. களைக்கொத்து இருந்தவரை களையெடுப்பு பெண்கள் வேலை. பிரஷ் கட்டர் வந்த அன்றே அது ஆண்கள் வேலையாகிவிடுகிறது. கையால் கழுவியவரை பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிய, ஓட்டோடு உள்ள கொட்டை) கழுவுவது பெண்கள் வேலை. வாஷர் வாங்கியதும் சுவிட்ச் ஓர் ஆண் கையில். இப்படி ஒவ்வொரு மெஷினும் பெண்களிடமிருந்து ஒரு திறமையைக் கழற்றிவிட்டு, வெறும் கூலி நாளாக ஆக்கிக்கொண்டு போகிறது. இனி எந்த மெஷின் வாங்கினாலும், விற்பவர் வந்து ஓட்டிக்காட்டும் அன்று இரண்டு பெண்களும் நின்று ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். பல்ப்பரில் முதல் பாடம், டிரம்முக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி. காலையில் ஒரு கிலோ பழத்தை ஓட்டிப் பார்த்து, நசுங்கிய, வெட்டுப்பட்ட கொட்டையை எண்ண வேண்டும். வெட்டு அதிகமென்றால் இடைவெளி குறுகல். தோல் உரியாத பழம் அதிகமென்றால் அகலம். பலம் தேவையில்லை, பொறுமையும் ஒரு ஸ்பேனரும் போதும்.

அடுத்தது, யாரைத் தேர்ந்தெடுப்பது. படித்தவர் என்பதால் அந்த ஒருவரை மட்டும் ஏற்றிவிட்டீர்கள். தனியாக ஏற்றிவிடப்பட்ட பெண் முதல் சண்டையிலேயே ஒதுக்கப்படுவார். ஒரே நேரத்தில் குறைந்தது இருவர் வேண்டும். அதில் ஒருவர் 35 முதல் 45 வயதுக்குள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற, மரத்தை அறிந்தவராக இருக்கட்டும். “கல்யாணமாகிக் கீழே போய்விடுவாள்” என்று சின்னப் பெண்களைப் பற்றிச் சொல்லும் பயமும் இதில் பாதி தீரும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்றால் பரவாயில்லை. ஐந்து கோடு போட்டு எண்ணத் தெரிந்தால் தொடங்கலாம்.

தேர்வுக்கு நேர்காணல் வேண்டாம். ஆறேழு பெண்களைத் தனித்தனியாக ஒரு பிளாக்குக்குள் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி, “என்னென்ன சரியில்லை?” என்று மட்டும் கேளுங்கள். அடைத்த வாய்க்கால், தண்டில் மேடு தட்டிய செடி, பழம் கொட்டிக் கிடக்கும் வரிசை என்று பார்த்துச் சொல்பவர் உங்களுக்கு வேண்டியவர். “எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு” என்பவர் நல்ல மனுஷியாக இருக்கலாம். இந்த வேலைக்கு வேண்டாம். இன்னொன்று: எடை குறைகிறது என்று போன வருடம் யார் சண்டை போட்டார் என்று விசாரியுங்கள். வாயாடி என்று உங்கள் மேஸ்திரி யாரைச் சொல்கிறாரோ, அவர் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

பழம் முடிந்து களம் காலியாகும் பிப்ரவரி கடைசியில் தொடங்கினால் அடுத்த பறிப்புக்கு எட்டு ஒன்பது மாதம் கையில் இருக்கும். பழ சீசனில் தொடங்கியது உங்கள் பெரிய தவறு. டிசம்பரில் யாருக்கும் பாடம் எடுக்க நேரம் கிடையாது.

முதல் பாடமாக மார்ச்சில் தண்டு துளைப்பான் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் பறக்கும். அதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தண்டில் வரிவரியாக மேடு தட்டிய செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பொறுப்புப் பழக இதைவிட நல்ல வேலை கிடையாது. கண் கூர்மைதான் வேண்டும். முடிவு எண்ணிக்கையாக வரும். தவறினால் ஆறு மாதத்தில் அந்தச் செடியே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஆறு முதல் எட்டு பேர், இரண்டு ஏக்கர். ஆறடிக்கு ஆறடி நடவு என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 செடி. வரிசை வரிசையாக எண்ணி நோட்டில் குறிக்கட்டும். நீங்கள் பின்னால் போய் 100 செடியை மட்டும் சரிபாருங்கள். விட்டுப்போனது இரண்டுக்கு மேல் இருந்தால், அந்த வரிசைகளை அவரே மறுபடி பார்க்கும்படி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கேங்குக்கு முன்னால் வேண்டாம்.

ஜூனிலிருந்து செக்ரோல். முதல் மாதம் ரைட்டர் எழுத, இவர் பக்கத்தில். இரண்டாம் மாதம் இவர் எழுத, ரைட்டர் கையெழுத்து. மூன்றாம் மாதம் இவர் கையெழுத்து. கூலியை வங்கிக் கணக்கில் போடுகிறீர்கள் என்றால் செக்ரோலில் ஒரு தவறு நேராகப் பணத்தில் வந்து நிற்கும்; அதைத் திருத்தும் பொறுப்பும் அவரிடமே இருக்கட்டும். செப்டம்பரில் மறுபடி துளைப்பான் சுற்று. இந்த முறை கேங் அவர் பொறுப்பில் முழுதாக.

அக்டோபரில் தராசு. எலக்ட்ரானிக் தராசின் எண் பறித்தவர் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வையுங்கள். சாக்கின் எடைக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். பாதி எடைச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். நவம்பர் முதல் அந்த இருவரும் எடைக்கு நிற்கட்டும். எடையோடு 100 பழக் கணக்கையும் அவர்களிடமே கொடுங்கள்: ஒவ்வொரு சாக்கிலும் மேலிருந்தும் அடியிலிருந்தும் கை விட்டு 100 பழம் எடுத்து, காய் எத்தனை, செங்காய் எத்தனை, கறுத்தது எத்தனை என்று எண்ணுவது. காய் ஐந்துக்கு மேல் என்றால் சாக்கு எடைக்கு ஏறாது; பறித்தவரே தார்ப்பாயில் கொட்டிப் பொறுக்க வேண்டும். சாக்கைத் திருப்பி அனுப்பும் அந்தச் சொல்தான் அவருடைய முதல் தலைமை. முதல் வாரத்தில் கட்டாயம் யாராவது உங்களிடம் வந்து முறையிடுவார்கள். அப்போது நீங்கள் “இந்த ஒரு தடவை விட்டுடும்மா” என்று சொன்னால், எட்டு மாத வேலை அந்த ஒரு வரியில் போய்விடும். அவர் தவறே செய்திருந்தாலும் அன்று அந்த முடிவு நிற்கட்டும். சாயங்காலம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அரைப் பக்கத்தில் ஒரு தாள் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுவது நல்லது. கேட்காமலே அவர் முடிவு செய்யக்கூடியவை: சாக்கைத் திருப்புவது, மழை வந்தால் பிளாக் மாற்றுவது, சத்தம் மாறினால் பல்ப்பரை நிறுத்துவது, உடம்பு முடியாதவரை அரை நாளில் அனுப்புவது, 500 ரூபாய் வரை சில்லறைச் செலவு. உங்களைக் கேட்டே செய்ய வேண்டியவை: கூலி விகிதம், ஆளை நிறுத்துவது, மருந்தடிப்பது. இதை மேஸ்திரிகளும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

களமும் ஸ்டோரும் அந்த மூத்த பெண்ணுக்கு ஏற்ற இடம். பல்ப் செய்த அரபிகா 24 முதல் 36 மணி நேரம் ஊறும். மலைக் குளிரில் இன்னும் நீளலாம். கையால் தேய்த்தால் வழுவழுப்புப் போய் கரகரப்பது எப்போது என்று சொல்லக் கடிகாரம் போதாது, விரல் வேண்டும். அது ஏற்கெனவே கழுவுகிற பெண்களின் விரலில் இருக்கிறது. “இப்போ கழுவு” என்று உத்தரவிடும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை. காயவைப்பதும் அப்படித்தான். ஈரம் எவ்வளவு என்று கொட்டையைக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர் கடித்துச் சொன்ன எண்ணையும் ஈரப்பத மீட்டர் காட்டும் எண்ணையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் இரண்டும் நெருங்கிவிடும். பார்ச்மென்ட் 10 சதவீதத்துக்கு வந்தபின் மூட்டை கட்ட உத்தரவு அவருடையது. ஸ்டோர் சாவியும் அன்றிலிருந்து அவரிடம்.

இன்னொரு பாடமும் உண்டு. செலவு அதிகமில்லை, ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் நடப்பதே இல்லை. உங்கள் 48 பெண்களில் எத்தனை பேர் உங்கள் தோட்டத்துக் காப்பியைக் குடித்திருக்கிறார்கள்? லைன் வீட்டில் குடிப்பது கடையில் வாங்கிய சிக்கரி கலந்த தூள். பொறுப்புக்கு வரும் எல்லாரையும் உட்கார வைத்துச் சுவைத்துக் காட்டுங்கள். சிக்கரி இல்லாமல், இளவறுப்பாக வறுத்துக் கொரகொரவென்று அரைத்த தூள் 8.25 கிராம், 150 மில்லி தண்ணீர், ஏறத்தாழ 93 டிகிரி சூடு. ஊற்றி 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, ஆறவிட்டு உறிஞ்ச வேண்டும். நல்ல லாட் ஒரு கோப்பை, அதிகம் ஊறிப் புளித்தது ஒன்று, தரையில் காய்ந்து மண்வாடை ஏறியது ஒன்று, மழையில் நனைந்து பூசணம் தட்டியது ஒன்று. சாயங்காலம் பனிக்கு முன்னால் தார்ப்பாய் போர்த்துங்கள் என்று நீங்கள் பத்து வருடம் சொன்னது ஒரே வாயில் புரிந்துவிடும். பிறகு அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வது உங்கள் உத்தரவாக இருக்காது. தங்கள் நாக்கு அறிந்ததாக இருக்கும். ஆசியாவின் முதல் பெண் காப்பிச் சுவைஞர் என்று அறியப்படும் சுனாலினி மேனன், காப்பி வாரியத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைமை வகித்தவர். காப்பி வாரியம் பெங்களூரில் தர மேலாண்மைக்கு ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பும் நடத்துகிறது. உங்கள் பி.காம். பெண் மூன்று சீசன் நின்றபின் அங்கே போகலாமா, பி.காம். பட்டத்துக்கு இடம் உண்டா என்று வாரியத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள். மேலே ஒரு படி தெரிந்தால் நிற்கிறவர்கள் நிற்பார்கள்.

ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்களை எடுக்கிற தோட்டம் என்றால், எண்களும் பழம், காய், வரிசை, மெதுவாக, போதும் என்கிற மாதிரி நாற்பது ஹிந்திச் சொற்களும் பொறுப்புக்கு வரும் பெண்களுக்குக் கட்டாயம்.

மேஸ்திரியைப் பற்றி. அவரை வில்லனாக்கிவிடாதீர்கள்; அவருக்குப் போகிறது என்ன என்று பாருங்கள். ஆள் கூட்டி வருவதற்குத் தலைக்காசு, பெண்களுக்குக் கொடுத்த முன்பணம், அந்த முன்பணத்தால் வரும் பிடி. கேங்கில் பாதிப் பேர் அவருக்குக் கடன்பட்டிருக்கும்போது, இன்னொருவர் சொல்வதை எப்படிக் கேட்பார்கள்? முன்பணத்தைத் தோட்டக் கணக்குக்கு மாற்றுங்கள்: நீங்கள் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் எழுத்தில் சொல்லி, தவணையாகப் பிடியுங்கள். அவருடைய தலைக்காசைக் குறைக்காதீர்கள். நிழல் மரக் கவாத்து, மிளகு என்று மரமேறும் வேலைகளின் பொறுப்பை முழுதாகக் கொடுங்கள். முதல் சீசனில் அவர் கூட்டி வந்த ஆட்களைப் பெண் சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டாம். உள்ளூர் ஆட்கள் 12 முதல் 15 பேர் போதும். ஆனால் எல்லாரும் அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. சித்தியின் சாக்கைத் திருப்புவது யாருக்கும் கஷ்டம்.

நேரமும் பாதையும். சாயங்காலம் ஒரே எடை என்றால் பல்ப்பர் ஓடி முடிய இரவு எட்டாகிவிடும். காட்டுமாடு நிற்கும் பாதையில் அந்த நேரத்துக்கு எந்த வீட்டிலும் பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டார்கள். எடையை இரண்டாகப் பிரியுங்கள்: பகல் 12.30, மாலை 3.30. முதல் லோடு இரண்டு மணிக்கே பல்ப்பருக்குப் போய்விடும். ஆறரைக்குள் கதவைப் பூட்டலாம். பழத்துக்கும் அது நல்லது, சாக்கில் சூடேறாது. பிந்தும் நாளில் ஜீப் வீட்டு வாசல் வரை போக வேண்டும். இரவு ஏழுக்கு மேல் வேலை வாங்க அந்தப் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது சட்டமும்கூட. பிளாக்குக்கு அருகில் கழிப்பறை இல்லையென்றால், நாள் முழுக்க நடக்க வேண்டிய பொறுப்புக்கு எந்தப் பெண்ணும் மனதோடு வரமாட்டார். இதை அவர்கள் உங்களிடம் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

சட்டத்தில் மூன்றை மட்டும் சொல்கிறேன். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்க் குழு வேண்டும். அதன் தலைவர் உயர் பொறுப்பில் உள்ள ஒரு பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். உயர் பொறுப்பில் ஒரு பெண்ணும் இல்லாத தோட்டம் இந்தக் குழுவை எப்படி அமைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 50 பேருக்கு மேல் இருப்பதால் குழந்தைகள் காப்பகமும் உண்டு. பிரசவ விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி, ஆகவே “சீசன் ஆள்தானே” என்று நினைக்கும் பெண்ணும் இதில் வருவார். விடுப்புக்குப் போகிறவருடைய கேங்கை யார் பார்ப்பது என்பதற்காகவும்தான் இருவர் இருவராகத் தயார் செய்யச் சொல்வது. திரும்பி வரும்போது அதே தராசு அவருக்குக் காத்திருக்க வேண்டும்.

உங்கள் நாக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். “ரைட்டர், வாங்க” என்று அவரையும், “ஏம்மா, இங்க வா” என்று இவரையும் கூப்பிட்டால் கேங் எதைப் பின்பற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. டீச்சரம்மா என்று சொல்லும் ஊர்தானே. ரைட்டரம்மா என்று நீங்கள் தொடங்கினால் ஒரு மாதத்தில் மலை முழுக்க அப்படியே கூப்பிடும். மேஸ்திரியிடம் நேராகப் போய் வேலை சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் பெண்ணின் பிளாக்கைப் பற்றி எதுவானாலும் அவர் வழியாகவே.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கூப்பிடுங்கள், ஆனால் ஆபீஸுக்கு வரச் சொல்லாமல் நீங்கள் அவர் லைன் வீட்டுக்குப் போய், பெற்றோரும் இருக்கும்போது பேசுங்கள். அந்த மூன்று வாரத்தில் வேலை நாள் 18 என்றால், நாளுக்கு 25 வீதம் 450 ரூபாய் அவருக்குக் குறைந்திருக்கிறது. முதலில் அதைக் கையில் கொடுத்து, கணக்குத் தவறு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், மார்ச்சில் துளைப்பான் பார்க்க எந்த பிளாக் வேண்டும், கூட யார் யார் வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.